டெர்மினலில் ஓடுகிறது, எடிட்டரில் ஓடவில்லை: சூழல் மாறிகளை வரிசையாக அமைக்க முழுமையான வழிகாட்டி

டெர்மினலில் ஓட்டினால் புரோகிராம் ஒழுங்காக ஓடுகிறது. அதே ஃபைலை எடிட்டரில் திறந்து ரன் பட்டனை அழுத்தினால் "ஏபிஐ கீ இல்லை" என்று நின்றுவிடுகிறது. புதிதாக வேலைக்கு வருபவர்கள் முதல் வாரத்திலேயே மாட்டிக்கொள்ளும் இடம் இது. என் பக்கத்து இருக்கையில் ஒரு தம்பி அரை நாள் இதோடு மல்லுக்கட்டினார். அவருடைய மெஷினில் அதே கீ (வெளிச் சேவையைப் பயன்படுத்த அந்தச் சேவை தரும் ரகசியக் குறியீடு) நான்கு ஃபைல்களில் இருந்தது, அதில் இரண்டில் பழைய மதிப்பு. எங்காவது ஒரு இடத்தில் பிடித்துக்கொள்ளும் என்று எழுதிக்கொண்டே போயிருக்கிறார். எழுதிய முறையில் தப்பில்லை. எடிட்டரை அவர் ஒருமுறைகூட முழுதாக மூடித் திறக்கவில்லை, முதல் காரணம் அதுதான்.

இந்த வேலையில் வரிசைதான் முக்கியம். எங்கே எழுதுவது என்பது மூன்றாவது நான்காவது கேள்வி. அதை முதலில் கேட்பதால்தான் குழப்பம் வருகிறது.

சூழல் மாறி என்று நான் எழுதுவது ஆபீஸில் நாம் சொல்லும் என்விரான்மென்ட் வேரியபிளைத்தான்: புரோகிராமுக்கு வெளியிலிருந்து ஒரு பெயரோடு கொடுக்கும் மதிப்பு. கட்டளைகளையும் ஃபைல் பெயர்களையும் உச்சரிப்புப்படி தமிழில் தருகிறேன். டைப் செய்யும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உங்கள் ப்ராஜெக்ட்டுக்கு எந்தெந்த மாறிகள் தேவை என்று ஒரு பட்டியல் போடுங்கள். பெயர், ஒரு மாதிரி மதிப்பு, அது ரகசியமா இல்லையா, இந்த மூன்றும் போதும். ரகசியமா என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் எங்கே எழுதுவது என்று முடிவு செய்ய முடியாது.

அடுத்து, உங்கள் ஷெல் (டெர்மினலில் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் புரோகிராம்) எது என்று பாருங்கள். மேக்கில் 2019-ல் வந்த கேட்டலினா பதிப்பிலிருந்து இயல்பான ஷெல் இசட்எஸ்ஹெச். உபுண்டுவில் பாஷ். விண்டோஸில் பவர்ஷெல்லா, பழைய சிஎம்டியா என்று பாருங்கள், இரண்டிலும் எழுதும் முறை வேறு. இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பாதி வேறு ஷெல்லுக்கு எழுதியவை. அதை அப்படியே ஒட்டினால் சில சமயம் பிழைச் செய்திகூட வராது, மாறியும் அமையாது.

2. மாறி எப்படிக் கைமாறுகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

ஒரு ப்ராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராம், இன்னொரு ப்ராசஸைத் தொடங்கும்போது தன்னிடம் இருக்கும் மாறிகளின் நகல் ஒன்றைக் கொடுத்து அனுப்புகிறது. காலையில் பிள்ளை பள்ளிக்கூடம் கிளம்பும்போது டப்பாவில் என்ன வைத்தோமோ அதுதான் மதியம் இருக்கும். பிள்ளை போன பிறகு வீட்டில் வடை சுட்டால் அது டப்பாவுக்குள் போய்ச் சேராது. அதேபோல் பிள்ளை டப்பாவில் எதை மாற்றினாலும் வீட்டுச் சமையலறை மாறாது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் எடிட்டருக்கு நீங்கள் இப்போது எழுதிய மாறி தெரியாது. ஒரு ஸ்கிரிப்ட்டுக்குள் மாறியை அமைத்து அதைச் சாதாரணமாக ஓட்டினால், ஸ்கிரிப்ட் முடிந்ததும் மாறியும் அதோடு போய்விடும். உங்கள் ஷெல்லிலேயே அது தங்க வேண்டுமென்றால் ஸ்கிரிப்ட்டை சோர்ஸ் கட்டளையால் ஓட்ட வேண்டும்.

ஆகவே எந்தச் சிக்கல் வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: இந்தப் புரோகிராமைத் தொடங்கியது யார்? டெர்மினலில் ஓட்டினால் ஷெல். ரன் பட்டனை அழுத்தினால் எடிட்டர். எடிட்டரைத் தொடங்கியது டாக் ஐகானா, ஸ்டார்ட் மெனுவா, டெர்மினலா? அந்தச் சங்கிலியில் மாறி எந்த இடத்தில் விட்டுப்போனது என்று தேடுங்கள்.

3. எதையும் எழுதும் முன் மூன்று இடங்களில் அளந்து பாருங்கள்

பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரு சின்ன புரோகிராம் எழுதுங்கள், ஐந்து வரி போதும். குறிப்பிட்ட மாறி இருக்கிறதா இல்லையா, இருந்தால் அதன் நீளம் எத்தனை எழுத்து என்று மட்டும் அது அச்சிட வேண்டும். அதைத் தனி டெர்மினலில் ஒருமுறை, எடிட்டருக்குள் இருக்கும் டெர்மினலில் ஒருமுறை, ரன் பட்டன் வழியாக ஒருமுறை ஓட்டுங்கள்.

மூன்றிலும் இல்லை என்றால் மாறி எங்குமே அமையவில்லை. தனி டெர்மினலில் மட்டும் இருந்தால் எடிட்டர் பழைய நகலோடு ஓடுகிறது. இரண்டு டெர்மினலிலும் இருந்து ரன் பட்டனில் மட்டும் இல்லை என்றால், எடிட்டர் பழைய நகலோடு ஓடுகிறதா என்று முதலிலும் எடிட்டரின் ரன் அமைப்பை அடுத்தும் பார்க்க வேண்டும். மூன்று நிமிட வேலை, அரை நாள் மிச்சம்.

நீளத்தை ஏன் அச்சிடச் சொல்கிறேன்? ரகசியத்தைத் திரையில் காட்டாமல் இருக்கலாம் என்பது ஒன்று. மதிப்பின் கடைசியில் ஒட்டியிருக்கும் வெற்றிடம் கண்ணுக்குத் தெரியாது, நீளத்தில் தெரிந்துவிடும் என்பது இன்னொன்று. 32 எழுத்து இருக்க வேண்டிய கீ 33 என்று வந்தால் அங்கேயே நிறுத்தி அதைப் பாருங்கள்.

4. மாறி யாருக்கு வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

மெஷினில் எல்லாக் கருவிகளுக்கும் வேண்டியது ஒரு வகை. பாத் (கட்டளைகளைத் தேட வேண்டிய ஃபோல்டர்களின் பட்டியல்), ஜாவா-ஹோம் (ஜாவா நிறுவிய இடம்) போன்றவை இதில் வரும். இவை ஷெல் ஃபைலிலோ விண்டோஸ் அமைப்பிலோ இருக்கலாம்.

ஒரு ப்ராஜெக்ட்டுக்கு மட்டும் வேண்டியது அடுத்த வகை: டேட்டாபேஸ் முகவரி, ஏபிஐ கீ. இவை ப்ராஜெக்ட்டோடு இருக்கும் டாட்-என்வ் ஃபைலில் (வரிக்கு ஒரு பெயர்=மதிப்பு எழுதும் ஃபைல்) இருக்கட்டும். ஷெல் ஃபைலில் எழுதினால் அந்த ஷெல் தொடங்கும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் உங்கள் பாஸ்வேர்டின் நகல் போகும். அது தேவையில்லை. இரண்டு ப்ராஜெக்ட் ஒரே பெயரை வைத்திருந்தால் ஒன்று மற்றொன்றைக் கெடுக்கவும் செய்யும்.

ஒரே ஒரு ஓட்டத்துக்கு மட்டும் வேண்டுமென்றால், பாஷிலும் இசட்எஸ்ஹெச்சிலும் கட்டளைக்கு முன்னால் அதே வரியில் பெயர்=மதிப்பு என்று எழுதினால் போதும். வேறு எங்கும் தங்காது. டீபக் லாக் அளவைக் கொஞ்ச நேரம் கூட்டிப் பார்க்க இதுதான் நல்ல வழி. பாஸ்வேர்டை மட்டும் இப்படிக் கொடுக்காதீர்கள், ஷெல்லின் ஹிஸ்டரி ஃபைலில் தங்கிவிடும்.

5. லினக்ஸ், மேக்: ஷெல் ஃபைலில் எழுதுவது

வரி இப்படி இருக்கும்:

எக்ஸ்போர்ட் டிபி_ஹோஸ்ட்=லோக்கல்ஹோஸ்ட்

சமக்குறிக்கு இரண்டு பக்கமும் இடைவெளி விடக்கூடாது. விட்டால் ஷெல் அதை வேறு மாதிரிப் புரிந்துகொள்ளும். எக்ஸ்போர்ட் இல்லாமல் இடைவெளியோடு எழுதினால் டிபி_ஹோஸ்ட் என்ற பெயரில் ஒரு கட்டளையைத் தேடி, அப்படி ஒரு கட்டளை இல்லை என்று சொல்லும். மதிப்பில் இடைவெளியோ டாலர் குறியோ இருந்தால் ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள். இரட்டை மேற்கோளுக்குள் டாலர் குறி வந்தால் ஷெல் அதை இன்னொரு மாறியாக எடுத்துக்கொண்டு பாஸ்வேர்டின் ஒரு துண்டை விழுங்கிவிடும்.

எக்ஸ்போர்ட் என்ற சொல்லை விட்டுவிட்டால் மாறி அந்த ஷெல்லுக்கு உள்ளேயே இருக்கும். எக்கோ கட்டளையால் அச்சிட்டுப் பார்த்தால் மதிப்பு வரும், ஆனால் உங்கள் புரோகிராமுக்குப் போகாது. ஆகவே சோதிக்கும்போது எக்கோவை நம்பாமல் பிரின்ட்என்வ் பயன்படுத்துங்கள். அது வெளியே அனுப்பப்படும் மாறிகளை மட்டும்தான் காட்டும்.

எந்த ஃபைல்? இசட்எஸ்ஹெச்சில் டாட்-இசட்எஸ்ஹெச்ஆர்சி நீங்கள் டைப் செய்யும் ஷெல்களுக்கு, டாட்-இசட்ப்ரொஃபைல் லாகின் ஷெல்லுக்கு (மெஷினுக்குள் நுழையும்போது தொடங்கும் ஷெல்), டாட்-இசட்எஸ்ஹெச்என்வ் எல்லாவற்றுக்கும். பாஷ் லாகின் ஷெல்லாகத் திறந்தால் டாட்-பாஷ்-ப்ரொஃபைல், டாட்-பாஷ்-லாகின், டாட்-ப்ரொஃபைல் என்ற வரிசையில் தேடி, முதலில் கிடைப்பதை மட்டும் படித்துவிட்டு நின்றுவிடும். ஏதோ ஒரு மென்பொருளை நிறுவும்போது அது புதிதாக டாட்-பாஷ்-ப்ரொஃபைல் உருவாக்கிவிட்டால், நேற்று வரை வேலை செய்த டாட்-ப்ரொஃபைல் இன்று படிக்கப்படாது. "எதையுமே தொடவில்லை, திடீரென்று போய்விட்டது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

உபுண்டுவில் மெனுவிலிருந்து திறக்கும் எடிட்டருக்கும் மாறி போக வேண்டுமானால் டாட்-ப்ரொஃபைலில் எழுதி, மெஷினிலிருந்து லாக்-அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள். டாட்-பாஷ்ஆர்சியில் எழுதினால் டெர்மினலுக்கு மட்டும்தான் கிடைக்கும்.

பாத்தை மாற்றும்போது பழைய மதிப்பைச் சேர்த்தே எழுதுங்கள்: புதிய ஃபோல்டர், முக்காற்புள்ளி, பிறகு டாலர் குறியோடு பாத். பழையதை விட்டுவிட்டால் எல்எஸ் கட்டளைகூட இல்லை என்று சொல்லும். பயப்பட வேண்டாம். யூஎஸ்ஆர் ஃபோல்டருக்குள் இருக்கும் பின் என்ற ஃபோல்டரில் நானோ எடிட்டர் இருக்கிறது. அதன் முழுப் பாதையை அடித்து ஓட்டி, ஃபைலைத் திருத்திவிட்டுப் புதிய டெர்மினல் திறந்தால் சரியாகிவிடும்.

6. விண்டோஸ்

ஸ்டார்ட் மெனுவில் என்விரான்மென்ட் என்று தேடி, உங்கள் அக்கவுன்ட்டுக்கான மாறிகளைத் திருத்தும் பக்கத்தைத் திறங்கள். அட்மின் உரிமை இல்லாவிட்டாலும் இது முடியும்.

செட்எக்ஸ் கட்டளையால் பாத்தை மாற்ற வேண்டாம். அது 1024 எழுத்துக்கு மேல் உள்ளதை வெட்டிவிடும். அதோடு, சிஎம்டியில் பாத்தின் தற்போதைய மதிப்பை எடுத்து அதில் சேர்த்தால், சிஸ்டம் பாத்தும் யூசர் பாத்தும் ஒன்றாகக் கலந்து யூசர் பாத்துக்குள் போய் உட்கார்ந்துவிடும். மற்ற மாறிகளுக்கு செட்எக்ஸ் போதும், ஆனால் அடித்த அதே ஜன்னலில் பலன் தெரியாது. புது ஜன்னல் திறந்துதான் பார்க்க வேண்டும்.

பாத்துக்கு மட்டும் ஒரு தனி விதி உண்டு. மற்ற மாறிகளில் யூசர் மதிப்பு சிஸ்டம் மதிப்பை வென்றுவிடும். பாத்தில் சிஸ்டம் பகுதி முன்னாலும் யூசர் பகுதி பின்னாலும் ஒட்டப்படும். சிஸ்டம் பாத்தில் பழைய பைதான் இருந்தால், யூசர் பாத்தில் நீங்கள் சேர்த்த புதிய பைதானுக்கு முன்னால் அது வந்து நிற்கும். சிஎம்டியில் வேர் பைதான் என்று அடித்தால் வரிசை தெரியும். பவர்ஷெல்லில் வேர் என்றால் வேறு கட்டளை, அங்கே வேர் டாட் எக்ஸ்ஈ என்று முழுதாக அடியுங்கள்.

சிஎம்டியில் செட் கட்டளை வெற்றிடத்தையும் மதிப்பாக எடுத்துக்கொள்ளும். நோட்_என்வ்=ப்ரொடக்‌ஷன் என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, இரண்டு ஆம்பர்சண்ட் போட்டு அடுத்த கட்டளையை ஒட்டுகிறோம் அல்லவா, அந்த இடைவெளியும் மதிப்பின் கடைசியில் சேர்ந்துவிடும். புரோகிராம் ப்ரொடக்‌ஷனோடு ஒப்பிட்டுப் பார்க்கும், பொருந்தாது. மூன்றாம் படியில் நீளத்தை அச்சிடச் சொன்னேனே, அது இங்கே கைகொடுக்கும்.

7. எடிட்டரை முழுதாக மூடி, சரியான இடத்திலிருந்து திறங்கள்

மேக்கில் சிவப்பு பட்டனை அழுத்தினால் ஜன்னல்தான் மூடும், செயலி ஓடிக்கொண்டே இருக்கும். கமாண்ட்-க்யூ அழுத்துங்கள். விண்டோஸில் எடிட்டரின் எல்லா ஜன்னல்களையும் மூடுங்கள். விஎஸ் கோட் எடிட்டரில் ரீலோட் விண்டோ கொடுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அடியில் ஓடும் முதன்மை ப்ராசஸ் அதனால் மறுபடி தொடங்குவதில்லை, பழைய நகல் அப்படியே இருக்கும்.

மாறி வந்திருப்பது உறுதியான டெர்மினலுக்குப் போய், ப்ராஜெக்ட் ஃபோல்டரில் நின்று, அங்கிருந்தே எடிட்டரைத் திறந்து பாருங்கள், விஎஸ் கோடுக்கு அது கோட் என்ற கட்டளை. அப்போது வேலை செய்து, டாக்கிலிருந்து திறந்தால் செய்யவில்லை என்றால் சங்கிலி அறுந்த இடம் தெரிந்துவிட்டது.

டாக்கிலிருந்து திறக்கும்போது விஎஸ் கோட் பின்னணியில் ஒரு ஷெல்லை ஓட்டி மாறிகளை எடுத்துக்கொள்ள முயலும். அந்த ஷெல் 10 விநாடிக்குள் தயாராகவில்லை என்றால், ஷெல் சூழலைப் பெற முடியவில்லை என்று ஒரு சின்ன அறிவிப்பு மூலையில் வந்து போகும். பெரும்பாலோர் அதைப் படிக்காமல் மூடிவிடுகிறார்கள். காரணம் உங்கள் டாட்-இசட்எஸ்ஹெச்ஆர்சி மெதுவாக ஓடுவதுதான். நோட், பைதான் போன்றவற்றின் பதிப்புகளை மாற்றித் தரும் பதிப்பு மேலாளர்கள் இரண்டு மூன்று, நெட்வொர்க்கைத் தொடும் ஒரு வரி, "அப்டேட் செய்யவா" என்று கேட்டு நிற்கும் ஒரு செருகுநிரல், இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கும். பதிலுக்காகக் காத்திருக்கும் வரி இருந்தால் பதில் சொல்ல ஆளில்லாத பின்னணி ஷெல் அங்கேயே நின்றுவிடும். அப்படிப்பட்ட வரிகளை நீக்குங்கள். அமைப்பில் நேர வரம்பைக் கூட்டலாம்தான், ஆனால் மெதுவான ஷெல் தினமும் உங்கள் நேரத்தையும் சேர்த்தே தின்னும்.

ஈமாக்ஸ் எடிட்டரை மேக்கில் ஐகானிலிருந்து திறப்பவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. எக்ஸெக்-பாத்-ஃப்ரம்-ஷெல் என்ற பேக்கேஜ் அதற்காகவே இருக்கிறது. டெர்மினலுக்குள் விம் எடிட்டரைப் பயன்படுத்துபவர்களுக்கு இந்தப் படி தேவையில்லை. டிமக்ஸுக்குள் (ஒரே டெர்மினலில் பல ஜன்னல்களை நடத்தும் கருவி) வேலை செய்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: டிமக்ஸ் சர்வர் தான் தொடங்கியபோது இருந்த மாறிகளையே புதிய ஜன்னல்களுக்கும் கொடுக்கும். சர்வரையே நிறுத்தித் தொடங்குங்கள்.

8. டாட்-என்வ் ஃபைல்: முதலில் கிட்-இக்னோர், அப்புறம் ரகசியம்

கிட் என்பது கோடின் பதிப்புகளைச் சேமிக்கும் கருவி, அது கண்டுகொள்ளக் கூடாத ஃபைல்களின் பட்டியல்தான் கிட்-இக்னோர். இந்த வரிசையை மாற்றாதீர்கள். முதலில் கிட்-இக்னோரில் டாட்-என்வ் பெயரைச் சேர்த்து அதை கமிட் செய்யுங்கள். அப்புறம் டாட்-என்வ் ஃபைலை உருவாக்குங்கள். கிட் ஸ்டேட்டஸ் போட்டு அது பட்டியலில் வரவில்லை என்று உறுதி செய்யுங்கள். அதன் பிறகே கீயை ஒட்டுங்கள். ஏற்கெனவே கமிட் ஆன ஃபைலை கிட்-இக்னோரில் சேர்ப்பதால் பயனில்லை. கிட் அதைத் தொடர்ந்து கவனித்துக்கொண்டே இருக்கும்.

நான் ஒருமுறை அவசரத்தில் எல்லாவற்றையும் ஆட் செய்து புஷ் செய்துவிட்டேன். பத்து நிமிடத்தில் கவனித்து ஃபைலை நீக்கி இன்னொரு கமிட் போட்டேன். அது போதாது, பழைய கமிட்டில் கீ அப்படியே இருக்கிறது. சேவை தரும் தளத்துக்குப் போய் அந்தக் கீயை ரத்து செய்து புதியது வாங்கிய பிறகுதான் அது தீர்ந்தது. உங்களுக்கும் நடந்தால் கீயை மாற்றுவதை முதலில் செய்யுங்கள், ஹிஸ்டரியைச் சுத்தம் செய்வது அப்புறம்.

கூடவே டாட்-என்வ்-எக்ஸாம்பிள் என்று ஒரு ஃபைல் வையுங்கள். பெயர்கள் மட்டும், மதிப்பு காலியாகவோ மாதிரியாகவோ இருக்கட்டும். இதை கமிட் செய்யலாம். முதல் படியில் போட்ட பட்டியல்தான் இது.

டாட்-என்வ் வெறும் எழுத்து ஃபைல். அது தானாக மாறி ஆகாது, யாராவது படித்து ஏற்ற வேண்டும். பைதானில் பைதான்-டாட்என்வ், நோடில் டாட்என்வ் பேக்கேஜ். நோட் 20.6 பதிப்பிலிருந்து என்வ்-ஃபைல் என்ற கொடியைக் கொடுத்தால் பேக்கேஜ் இல்லாமலே படிக்கும். இந்த இரண்டு பேக்கேஜும் இயல்பாக ஏற்கெனவே இருக்கும் மாறியின் மேல் எழுதாது. ஷெல்லில் பழைய கீ இருந்தால் டாட்-என்வில் புதியதை எத்தனை முறை மாற்றினாலும் பழையதே வரும். அந்தத் தம்பியின் மெஷினில் எடிட்டரை மூடித் திறந்த பிறகும் ஒரு மாறி அடம்பிடித்தது இதனால்தான். ஷெல் ஃபைலில் இருந்த வரியை நீக்கி, எடிட்டரை மறுபடி திறந்ததும் சரியானது.

இன்னொன்று, ஏற்றும் வரி மற்ற இம்போர்ட்டுகளுக்கு முன்னால் வர வேண்டும். டேட்டாபேஸ் மாட்யூல் இம்போர்ட் ஆகும்போதே மாறியைப் படித்துவிட்டால், பிறகு ஏற்றியதை அது பார்க்காது.

9. எடிட்டரின் ரன் அமைப்பு

விஎஸ் கோடில் லாஞ்ச் ஜேசன் ஃபைலில் என்வ், என்வ்ஃபைல் என்று இரண்டு இடங்கள் உண்டு. இரண்டிலும் ஒரே பெயர் இருந்தால் என்வில் இருப்பது வெல்லும். லாஞ்ச் ஜேசனை வழக்கமாக கமிட் செய்வோம், ஆகவே ரகசியத்தை என்வில் எழுதாமல் என்வ்ஃபைலில் டாட்-என்வின் பாதையை மட்டும் கொடுங்கள். இன்டெலிஜே, பைசார்ம் இரண்டிலும் ரன் கான்ஃபிகரேஷனுக்குள் மாறிகளுக்கு ஒரு கட்டம் இருக்கும். ஒவ்வொரு கான்ஃபிகரேஷனுக்கும் அது தனித்தனி. மெயின் ஃபைலுக்கு அமைத்துவிட்டு டெஸ்ட்டை ஓட்டினால் டெஸ்ட்டுக்கு அது கிடைக்காது.

இங்கே அமைத்தது அந்த ரன் பட்டனுக்கு மட்டும்தான். எடிட்டருக்குள் இருக்கும் டெர்மினலுக்கு அது போகும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

10. கன்டெய்னர், ரிமோட், சூடோ

கன்டெய்னர் என்பது புரோகிராம் தனக்கென ஒரு தனிச் சூழலில் ஓடும் பெட்டி, அவற்றை ஒரு ஃபைலில் எழுதி நடத்தும் கருவி டாக்கர் கம்போஸ். கம்போஸ் ஃபைலின் பக்கத்தில் இருக்கும் டாட்-என்வ், அந்த ஃபைலுக்குள் மாறிகளின் பெயர் வரும் இடங்களை நிரப்பத்தான். கன்டெய்னருக்குள் மாறி போக வேண்டுமென்றால் என்வைரன்மென்ட் அல்லது என்வ்_ஃபைல் பகுதியில் தனியாகச் சொல்ல வேண்டும். மாற்றிய பிறகு ரீஸ்டார்ட் கட்டளை கொடுத்தால் பழைய மதிப்பே இருக்கும், அப் என்ற கட்டளை கொடுத்து கன்டெய்னரைப் புதிதாக உருவாக்குங்கள்.

எஸ்எஸ்ஹெச் வழியாக ரிமோட் மெஷினில் வேலை செய்தால் மாறி அந்த மெஷினில் அமைய வேண்டும். உங்கள் லேப்டாப்பை மூடித் திறப்பதால் அங்கே ஓடும் விஎஸ் கோட் சர்வர் புதிதாகத் தொடங்காது, அதை நிறுத்தும் கட்டளை கமாண்ட் பேலட்டில் இருக்கிறது. அட்மின் உரிமையோடு கட்டளையை ஓட்டும் சூடோ இயல்பாக உங்கள் மாறிகளில் பெரும்பாலானவற்றைக் களைந்துவிட்டுத்தான் கட்டளையை ஓட்டும். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரானில் பாத் மிகச் சிறியது, அங்கே முழுப் பாதை கொடுங்கள்.

11. புரோகிராம் தொடங்கும்போதே சரிபாருங்கள்

தேவையான பெயர்களையெல்லாம் தொடக்கத்திலேயே ஒரு சுற்றில் பாருங்கள். முதலில் இல்லாததைக் கண்டதும் நிற்காமல், இல்லாதவை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே செய்தியில் சொல்லி நிறுத்துங்கள். புதிதாக வருபவர் ஒன்றைச் சேர்த்து, ஓட்டி, அடுத்ததைச் சேர்த்து என்று ஆறு முறை அலைய வேண்டியதில்லை.

காலியான மதிப்பையும் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள், எக்ஸாம்பிள் ஃபைலை நகல் எடுத்து நிரப்பாமல் விட்டவர்களுக்கு அதுதான் உதவும். மாறி எப்போதும் எழுத்துச் சரமாகத்தான் வரும். ஃபால்ஸ் என்று எழுதியிருந்தாலும் அது ஐந்து எழுத்துள்ள சரம், பைதானிலும் ஜாவாஸ்கிரிப்ட்டிலும் அதை அப்படியே நிபந்தனையில் வைத்தால் உண்மை என்றே போகும். ட்ரூ என்ற சொல்லோடு ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள். போர்ட் எண்ணையும் எண்ணாக மாற்றிய பிறகே பயன்படுத்துங்கள்.

பிழைச் செய்தியில் மாறியின் பெயரை மட்டும் எழுதுங்கள். மதிப்பை எழுதினால் அது லாக் ஃபைலில் தங்கிவிடும்.